பார்: ஒரு சொல்லும் இரு மொழிகளும்

ஒரு சொல் பல பொருள் தருதல் தமிழுக்குப் புதிதன்று. திவாகரம் முதலாய நிகண்டுகள் 'ஒரு சொற் பல்பொருட் பெயர்த் தொகுதி' என்றே தனித் தொகுதி வகுத்து, அத்தகைய சொற்களைத் திரட்டித் தந்துள்ளன. ஆயின் நிகண்டு ஆசிரியர்கள் எதிர்கொள்ளாத ஒரு நிலை இன்று நமக்கு வாய்த்துள்ளது. தமிழ்ச் சொல் ஒன்றும் ஆங்கிலச் சொல் ஒன்றும் தமிழ் எழுத்தில் ஒரே வடிவம் பெற்று, ஒரே தெருவில் ஒரே பலகையில் நின்று நம்மை நோக்குகின்றன. அவற்றுள் ஒன்றே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட 'பார்' என்னும் சொல்.

"பார் என்பதற்கு எத்தனை பொருள்?" என்று வகுப்பில் வினவினோம். 'காண்' என்பது முதல் விடை. 'மதுக்கடை' என்பது இரண்டாம் விடை. அது பின்வரிசையிலிருந்து சிரிப்போடு வந்தது. 'உலகு' என்றவர் ஒருவர். 'முத்துப்பார்' என்று கூறியவர் எவருமிலர். விடை கூறியோருள் பலர் வேம்பார் தொடங்கி மணப்பாடு வரையுள்ள கடற்கரையூர்களைச் சேர்ந்தவர்கள் என்பதை எண்ணும்போது இது சிறு செய்தியன்று. இக்கரையின் செல்வத்துக்கெல்லாம் கொள்கலமாய் இருந்த சொல் அது. அச்சொல் தன் ஊரிலேயே அடையாளம் இழந்து நிற்பதே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

முதலில் ஆங்கிலச் சொல்லைக் காண்போம். ஆங்கிலத்தில் 'பார்' என்பது பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அதன் அடிப்படைப் பொருள் நீண்ட சட்டம் அல்லது கம்பி என்பதாம். வாயிலைக் குறுக்கே அடைக்கும் கணையமரம், சிறைச் சாளரத்தின் கம்பி ஆகியவை எல்லாம் 'பார்'. வடிவ ஒப்புமையால் சோப்புக் கட்டியும் தங்கப் பாளமும் மிட்டாய்த் துண்டும் அப்பெயர் பெற்றன. சட்டத்தின் பணி அடைப்பது. ஆதலின் தடை என்னும் பொருளும் அதற்கு வந்தது. நீதிமன்றத்தில் நீதிபதியின் பகுதியைப் பிறர் பகுதியினின்றும் பிரித்த கட்டைச்சுவரும் 'பார்' எனப்பட்டது. அக்கட்டையருகே நின்று வழக்காடும் உரிமை பெற்றோர் கூட்டமும் பின்னர் அப்பெயரே பெற்றது. நம் 'பார் கவுன்சில்' இவ்வழி வந்தது. மது விற்போன் தனக்கும் குடிப்போனுக்கும் இடையே இட்ட பலகைக்கு வந்த பெயர், நாளடைவில் அக்கடைக்கே ஆயிற்று. ஆக, வழக்கறிஞர் மன்றமும் மதுக்கடையும் ஒரே கட்டையின் இருபுறத்தும் பிறந்தவை. இதனைக் கேட்டு வழக்கறிஞர் நண்பர்கள் வருந்தற்க.

கடற்கரையாருக்கு உரிய பொருளும் ஒன்று உண்டு. ஆற்றின் முகத்துவாரத்தைக் குறுக்கே அடைத்துக் கிடக்கும் மணல்திட்டையும் ஆங்கிலேய மாலுமிகள் 'பார்' என்றனர். தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கொற்கை கடலை விட்டு அகன்றதும், பின் காயல் அகன்றதும், அதன் பின்னர்த் தூத்துக்குடி தலையெடுத்ததும் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் விளக்கிய செய்திகள். துறைமுகங்களை வாழவைப்பதும் வீழவைப்பதும் ஆற்றுவாயின் மணலே.

இவ்வளவும் பெயர்ச்சொல் நிலை. இதே சொல் எந்த மாற்றமும் இன்றி வினையாகவும் வரும். 'பார் தி டோர்' என்று ஆங்கிலேயன் கூறினால், 'கதவைப் பார்' என்பது பொருளன்று; 'கதவைத் தாழிடு' என்பதே பொருள். ஒருவரை ஓரிடத்துக்கு வரவொட்டாமல் தடுத்தலும் இவ்வினையால் குறிக்கப்பெறும். இன்னும் ஒரு படி சென்று, 'நீங்கலாக', 'தவிர' என்னும் பொருளில் பெயருக்கு முன் நின்று இடைச்சொல்லைப் போலவும் இது பணிபுரியும். 'பார் நன்' என்றால் 'எவரையும் விலக்காமல்', அதாவது 'எல்லாரினும்' என்பது கருத்து. விலக்குதல் என்னும் வினைப்பொருளே தேய்ந்து இடைச்சொற்பொருள் ஆயிற்று என்பது நோக்கத்தக்கது.

இயற்பியல் மாணவர் இடைமறித்து, 'அழுத்தத்தின் அலகும் பார் அன்றோ?' என வினவக்கூடும். ஆம், ஆனால் அது வேறு சொல். எடை எனப் பொருள்படும் 'பாரோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து அமைத்துக்கொள்ளப்பட்டது. இங்கே நம்மவர் சிலர், 'எடை என்றால் பாரம்தானே, ஆகவே கிரேக்கமும் நம்மிடமிருந்தே பெற்றது' என்று விரைந்து முடிவு கட்டுவர். மொழிநூலார் அக்கிரேக்கச் சொல்லுக்கு வடமொழியில் காட்டும் உறவு 'குரு' என்னும் சொல்லே, 'பாரம்' அன்று. ஒலி ஒப்புமை உறவுக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். தொல்காப்பியனார் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி எனப் பகுத்தார். ஆங்கிலத்தில் ஒரு சொல் இன்ன வகை என்பதைப் பெரும்பாலும் அது வாக்கியத்தில் நிற்கும் இடமே காட்டும். தமிழில் அதனைக் காட்டுவது சொல்லின் ஈற்றில் வந்து சேரும் உறுப்பு. பாரை, பாரில், பாரின் என வேற்றுமை ஏற்றால் பெயர். பார்த்தான், பார்க்கிறான், பார்ப்பான் எனக் காலம் காட்டினால் வினை. உருபும் விகுதியும் இன்றித் தனித்து நிற்கும்போது மட்டுமே ஐயம் பிறக்கும். 'பார் பார்க்கப் பார்' என்பதில் முதலாவது பெயர், இடையிலுள்ளது வினையெச்சம், ஈற்றிலுள்ளது ஏவல். 'முத்துப் பாரைக் காண முயல்க' என்பது இதன் பொருள். ஒரே சொல் மூன்று கோலத்தில் நிற்கும் இவ்வாக்கியத்தை மாணவர்கள் ஒருமுறை பிரித்துப் பழகினால் சொல்லிலக்கணத்தின் ஒரு பகுதி தெளிவாகிவிடும்.

பெயராகிய 'பார்' உலகத்தையும் நிலத்தையும் குறித்தல் இலக்கியம் பயின்றோர் அறிந்ததே. அதனை விரிக்க வேண்டுவதில்லை. பலரும் அறியாதவை உழவிலும் கடலிலும் வழங்குவன. விளாத்திகுளம், கோவில்பட்டிப் பகுதிக் கரிசலில் உழவர் 'பார் பிடித்தல்' என்பர். மண்ணை வரிசையாக உயர்த்திக் கட்டும் மேட்டுக்குப் பார் என்றும், இரு பார்களுக்கு இடைப்பட்ட பள்ளத்துக்குச் சால் என்றும் பெயர். வேளாண்மைத் துறையினர் வெளியிடும் குறிப்புகளிலும் 'பார் சால் அமைத்து' என்ற தொடர் இன்றும் காணப்படுகிறது. மாட்டுவண்டியின் அடியில் நீண்டு கிடக்கும் சட்டத்திற்கும் பார் என்பது பெயர். ஆங்கிலத்திலும் சட்டம் 'பார்' ஆயிற்றே எனின், அது தற்செயல் என்பதற்கு மேல் கூற நம்மிடம் சான்றில்லை.

கடலடியில் உள்ள பார் இவையனைத்தினும் சிறப்புடையது. மன்னார் வளைகுடாவின் அடித்தளம் பெரும்பாலும் மணல். அம்மணற் பரப்பினிடையே ஆங்காங்கே கெட்டியான கற்பரப்பும் இறந்த பவளத்தாலான தரையும் சற்றே மேலெழுந்து கிடக்கின்றன. அவையே பார்கள். தூத்துக்குடிக் கடலில் இவை ஏறத்தாழ 12 முதல் 25 மீட்டர் வரையுள்ள ஆழத்தில் அமைந்துள்ளன. முத்துச்சிப்பி பாரை நாடுவதற்குக் காரணம் உண்டு. நீரில் மிதந்து திரியும் சிப்பிக் குஞ்சு, தன் உடலினின்றும் சுரக்கும் இழைகளால் கெட்டியான ஒன்றைப் பற்றிக்கொண்டே வளர இயலும். மணலில் வீழ்ந்தால் புதையுண்டு அழியும். ஆகவே பார் இல்லையேல் சிப்பி இல்லை. சிப்பி இல்லையேல் முத்துமில்லை. பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடற்குறிப்பு கொற்கை முத்தைப் பேசியதும், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இக்கரையின் முத்துக்குளிப்பை விவரித்ததும் இக்கற்பரப்புகளின் பயனே.

ஆங்கிலேயர் இதனைத் தம் மொழியில் 'பேங்க்' என்று பெயர்த்தனர். அச்சொல்லின் தொடக்கப் பொருள் மேடு என்பதே. ஆற்றங்கரை மேடும் கடலடி மேடும் அதனால் குறிக்கப்பட்டன. பணம் வைக்கும் 'பேங்க்' இத்தாலி நாட்டு வட்டிக்கடைக்காரர் அமர்ந்த பலகையிலிருந்து வந்தது. வயலில் கட்டிய மேட்டுக்கும் கடலடி மேட்டுக்கும் ஒரே பெயர் தந்த நம் முன்னோரின் பார்வையும், ஆங்கிலேயரின் பார்வையும் இவ்விடத்து ஒன்றுபடுகின்றன. மொழிபெயர்ப்பு மிகப் பொருத்தமாய் அமைந்துவிட்டது. அங்ஙனமிருந்தும் சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் போன்றோர் தமிழ்ச் சொல்லைக் கைவிடவில்லை. மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றி அவர் எழுதி 1922இல் வெளிவந்த நூலில் பார்கள் தமிழ்ப் பெயராலேயே சுட்டப்படுகின்றன. இன்றைய கடல் ஆய்வுக் கட்டுரைகளிலும் 'பார்' ஆங்கிலப் பெயர்ச்சொல்லாகிப் பன்மை விகுதியும் ஏற்று 'பார்ஸ்' என வருகிறது. சங்கும் கட்டுமரமும் போன வழியில் இதுவும் சென்றுள்ளது. ஆக, ஆங்கில ஆய்வாளன் அறிந்த தமிழ்ச் சொல்லை நம் கடற்கரை மாணவன் அறியவில்லை.

அறியாமைக்கு மாணவனை மட்டும் குறைகூறுதல் முறையன்று. தொழில் நின்றால் சொல்லும் நிற்கும். தூத்துக்குடியில் முத்துச் சலாபம் கடைசியாக நிகழ்ந்தது 1961இல். 1955 முதல் தொடர்ந்து நடைபெற்ற சலாபங்கள் அவ்வாண்டோடு முடிவுற்றன. (வழக்கறிஞர் மன்றங்களுக்கு அடிப்படையான வழக்கறிஞர் சட்டம் இயற்றப்பட்டதும் அதே 1961 என்பது விந்தை. ஒரு பார் மறைந்த ஆண்டில் மற்றொரு பார் நிலைபெற்றது!) அக்காலத்தில் பரதவரும் கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் ஒரே பாரில் மூழ்கினர். கல்லைக் காலில் கொண்டு இறங்கி, ஒரு நிமிட அளவு மூச்சடக்கி, சிப்பியை வாரிக் கூடையில் இட்டுக் கயிற்றை அசைக்க, மேலுள்ளோர் இழுப்பர். அள்ளிய சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவருக்கு, எஞ்சியது அரசுக்கு. கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு 'பார்' கூடும் என்பது அறிவியல். 18 மீட்டர் ஆழத்துப் பாரில் நின்றவர் மேனியை ஏறக்குறைய 2.8 'பார்' அழுத்தம் தாக்கியிருக்கும். கிரேக்கப் பாரும் தமிழ்ப் பாரும் கூடிய இடம் அவர் உடல்தான்.

பின்னர் வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் மேற்கொண்ட முயற்சியால் 1973இல் வளர்ப்பு முத்து உருவாயிற்று. வேம்பாருக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட ஊர் அது. அம்முறையில் சிப்பிகள் தெப்பங்களில் தொங்கவிடப்பட்டு வளர்கின்றன. காலூன்றப் பார் வேண்டுவதில்லை. அறிவியல் முத்தைக் காத்தது. சொல்லைக் காப்பது அதன் கடமையன்று. அது தமிழ்த்துறைகளின் கடமை.

வினையாகிய 'பார்' தமிழரின் நாவில் ஓயாது புரள்வது. கண்ணால் காண்பது அதன் முதற்பொருள். ஆயின் வேலை பார்க்கையில் கண்ணுக்கு மட்டும் பணியில்லை. மருத்துவர் நாடி பார்ப்பது விரலால். வணிகர் கணக்குப் பார்ப்பது அறிவால். மருத்துவச்சி பிரசவம் பார்ப்பது கையால். வழி பார்த்திருப்பவர் பார்ப்பது நெஞ்சால். கடையில் லாபம் பார்த்தல், பெண் பார்த்தல், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுதல் என ஒவ்வொன்றிலும் பொருள் இடம் பெயர்கிறது. 'பிறை பார்த்தாயிற்றா?' என்று ரமளான் இறுதியில் ஒருவரையொருவர் கேட்கும்போது, கேட்கப்பட்டவர் தம் கண்ணால் கண்டாரா என்பதன்று வினா. பிறை தென்பட்ட செய்தி உறுதியாயிற்றா என்பதே வினா. பெயராக்கம் பெற்ற 'பார்வை'யும் இத்தகையதே. பிற விலங்கைப் பிடிக்கப் பயிற்றி நிறுத்தும் மானைப் பண்டையோர் 'பார்வை' என்றதை இன்று எத்தனை பேர் அறிவர்?

துணைவினையாக வரும் 'பார்' நுட்பம் மிக்கது. தேர்வுத்தாள் திருத்துவோர் இதில் மாணவர் இடறுவதை ஆண்டுதோறும் காண்கின்றோம். 'எழுதிப் பார்' என்பது வேறு, 'எழுதப் பார்' என்பது வேறு. முன்னதில் எழுதுதல் நிகழ்ந்துவிடும். அதன் விளைவு என்ன என்று அறிவதே நோக்கம். பேனாவை வாங்குமுன் எழுதிப் பார்க்கிறோம். பின்னதில் எழுதுதல் நிகழுமா என்பதே ஐயம். முயற்சி மட்டுமே சொல்லப்படுகிறது. கை முறிந்தவர் எழுதப் பார்க்கிறார். இதனை மறந்து 'அவன் விழப் பார்த்தான்' என்பதை 'அவன் விழுந்து பார்த்தான்' என்று எழுதினால் என்னாகும்? முன்னவன் வீழ்ச்சியினின்றும் தப்பியவன். பின்னவன் விழுவது எப்படியிருக்கும் என்று சோதித்தவன்! 'விழப் பார்த்தான்' என்பதில் முயற்சியும் இல்லை. நேரவிருந்து நேராமற்போன நிலையே உள்ளது. உயிரற்றவற்றுக்கும் இது செல்லும்: 'சுவர் இடியப் பார்த்தது' என்கிறோம். சுவருக்குக் கண்ணுமில்லை, முயற்சியுமில்லை. எச்சத்தின் ஈறு ஒன்று மாற, சொல்லின் உலகமே மாறிவிடுகிறது.

'வந்துவிட்டான் பார்', 'சொன்னேன் பார்' என்னும் வழக்கில் 'பார்' காண்டல் பொருளையும் இழந்து நிற்கிறது. கண்பார்வையற்றவரிடமும் இதனைத் தயங்காது கூறுவர். இதனை வினை என்பதா, அசைநிலை என்பதா? அசைநிலையாக ஒதுங்கிவிட்டது என்பதே நம் கருத்து. 'கண்டீர்' என்னும் வினைச்சொல் அசைநிலையாய் வருதலைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் எடுத்தோதியுள்ளது. காண் என்னும் வினைக்கு அன்று நேர்ந்தது, பார் என்னும் வினைக்கு இன்று நேர்ந்துள்ளது. 'இது கொச்சை' என்று புறந்தள்ளுவோர் அந்நூற்பாவை மீண்டும் ஒருமுறை கற்பது நன்று.

பார் போலத் தோன்றிப் பார் அல்லாதனவும் உள. 'என்பார்', 'கற்பார்' என்பவற்றைச் சிலர் என்+பார், கல்+பார் எனப் பிரிக்கின்றனர். ஈற்றில் உள்ளது ஆர் விகுதி. பகர ஒற்று எதிர்கால இடைநிலை. பறவைக் குஞ்சைக் குறிக்கும் 'பார்ப்பு' மரபியலில் வரும் இளமைப்பெயர். 'பாரை' என்பது ஒரு மீன். பார்களில் வாழும் கலவாவைப் பாரை மீன் என்று எழுதுதல் பிழை. மலபார், ஜன்சிபார் என்னும் பெயர்களின் ஈற்றுப் பகுதி கடற்கரை அல்லது நிலம் எனப் பொருள்படும் பாரசீக, அரபுச் சொல் என்பர். அரபியில் 'பர்' என்றால் நிலம், 'பஹ்ர்' என்றால் கடல். தமிழிலும் பார் நிலமே; ஆயினும் இவ்விரண்டும் ஒன்றெனத் துணிதல் கூடாது. அரபியில் அவ்வோசை மெலிந்து ஒலிக்கும் பகரம். வல்லோசைப் பகரம் அம்மொழியில் இல்லை. தமிழோ இரண்டிற்கும் ஓரெழுத்தே கொண்டது. அரபுத் தமிழில் எழுதிய நம் முன்னோர் தமிழொலிகளுக்கெனத் தனி எழுத்துகளை ஆக்கிக்கொண்டதன் அருமை இங்கே புலனாகும். அரபு நூலோர் இக்கரைக்கு வழங்கிய 'மஅபர்' என்னும் பெயரும் 'கடக்கும் துறை' எனப் பொருள்படும் தனிச்சொல்; அதன் ஈற்றில் பாரும் இல்லை, பர்ரும் இல்லை.

எஞ்சியிருப்பது வேம்பார். விளாத்திகுளம் வட்டத்தின் இக்கடற்கரையூர் பரதவரின் ஏழு துறைகளுள் ஒன்று. முத்தோடு தொடர்புடைய ஊர், ஈற்றிலும் 'பார்' உள்ளது. எனவே முத்துப்பாரால் பெயர் பெற்றது என்று விளக்கம் கூறத் தோன்றும். கேட்பதற்கும் இனிமையாகவே இருக்கும். ஆனால் ஊரார் 'வேம்பாறு' என்றும் எழுதுவர். ஆங்கே கடலில் கலக்கும் ஆற்றின் பெயரே ஊருக்கும் ஆயிற்று. வேம்பு+ஆறு வேம்பாறு ஆகி, வல்லின றகரம் பேச்சில் தேய்ந்து வேம்பார் ஆனது. அடையாறு அடையார் ஆனதும், அண்டையிலுள்ள வைப்பாறு வைப்பார் ஆனதும் இம்முறையே.

கடலோரத்து முதியவர்களிடம் பார்களின் பெயர்களைக் கேட்டு எழுதி வருமாறு நம் மாணவர்களைப் பணித்துள்ளோம். தொள்ளாயிரம் பார், நாகரைப் பார், குடமுத்துப் பார், பாசிப் பார் என அச்சேறிய பெயர்கள் சில உள, அச்சேறாதவை எத்தனையோ. பட்டியலின் முதல் தாளில் வைப்பார்ப் பெரிய பார் என்னும் பெயரை எழுதிக் கொடுத்து, அதிலுள்ள இரண்டு 'பார்'களுள் ஆறு எது, பாறை எது எனப் பிரித்து வருமாறும் கூறியுள்ளோம்.